இறந்த ஆண்டு: கட்டாயம் நிரப்பவும்

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள். விளையாட்டுக்குக்கூட முனகக் கூடாது. சின்ன வயதில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்து, அங்கே கேட்ட மெட்டை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்ததற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். "கூப்புடாத, வந்துரும்" என்றாள். என்ன வரும் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால்தானோ என்னவோ, அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது எனக்கு ஒப்பாரிதான் வேலை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். அதோடு மலையக ஒப்பாரிகளை எல்லாம் ஒலியாகச் சேர்த்து இணையத்தில் வைக்கும் ஒரு திட்டத்தில் இருக்கிறேன். வார நாளில் கண்டிப் பக்கம் ஒரு அறை. வெள்ளிக்கிழமை கொட்டகலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். அங்கே லயத்தின் கடைசி வீட்டில் அப்பா இருக்கிறார். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது.

என் பேராசிரியர்கள் காலத்தில் இந்த வேலை வேறு மாதிரி நடந்தது. ஒருவர் தோட்டத்துக்குப் போவார், கேட்டதை எழுதுவார், தலை நரைத்த பிறகு புத்தகம் போடுவார், அதை நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வோம். இப்போது பாட்டுக்குப் பெயர் தரவு. தொலைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. பதிவு செய்தால் போதும், சிக்னல் கிடைத்த இடத்தில் அதுவாகவே ஏறிப் போய்விடும். பிறகு நான் உட்கார்ந்து அடி அடியாக வெட்டி, ஒவ்வொரு அடிக்கும் குறிச்சொல் போட்டு, கட்டங்களை நிரப்ப வேண்டும். பாடியவர், இடம், உறவுமுறை, யாருக்காகப் பாடப்பட்டது, அவர் இறந்த ஆண்டு. சிவப்புப் பொட்டு வைத்த கட்டங்கள் கட்டாயம். அவற்றை நிரப்பாவிட்டால் பதிவு முடிந்ததாகக் கணினி ஒத்துக்கொள்ளாது.

கணினிக்குத் தமிழ் கேட்கத் தெரியும், தானாகவே எழுதிவிடும் என்றும் சொன்னார்கள். செய்தி வாசிப்பவரின் தமிழ் அதற்குத் தெரியும்தான். எங்கள் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு பாடுவதைக் கொடுத்தால், பாராளுமன்றப் பேச்சு மாதிரி எதையோ எழுதித் தருகிறது. ஆகவே நான்தான் காதில் மாட்டிக்கொண்டு ஒரே அழுகையைத் திரும்பத் திரும்பக் கேட்பேன். சத்தம் வெளியே போகாதபடி காதுக்குள் மட்டும் கேட்பேன். வீட்டில் ஒப்பாரி ஒலிக்கவில்லை என்று அம்மாவுக்கு நான் காட்டும் சாக்கு அது.

எங்கள் தோட்டத்திலேயே நன்றாக ஒப்பாரி பாடும் ஒருவர் இருக்கிறார். அப்பாவை அண்ணன் என்பார், அதனால் எனக்கு அத்தை. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், மாட்டேன் என்றே சொல்லிவந்தார். மற்றப் பெண்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களை நினைத்துப் பாடித் தந்தார்கள். அத்தை அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "போனவங்கள நெனச்சுப் பாடுனா, கூப்புட்டாங்கன்னு வந்து வாசல்ல நிப்பாங்க. அப்பறம் நீயா சோறு போடுவ?" என்றார்.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது அந்த மாதம்தான். கண்டியில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அதை அத்தையிடம் சொன்னேன். எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தவர், "சரி, உன் போன எடுத்துக்கிட்டு வா, பாடுறேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏன் மனசு மாறினார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

லயத்தில் இருந்து நன்றாகத் தள்ளி, தேயிலைக்கு நடுவில் ஒரு பாறைக்குப் போனோம். வீட்டுக் கூரை எதுவும் கண்ணில் படக் கூடாது என்று அத்தை நடத்திக்கொண்டே போனார். மூடுபனி. திட்ட விதிப்படி அத்தையின் சம்மதத்தை முதலில் போனில் சொல்ல வைத்தேன். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு "மகளா நின்னு பாடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், பச்சைக் கோடுகளைப் பார்த்தேன். சத்தம் கூடினால் செயலியில் பச்சைக் கோடுகள் உயரும், அளவு மீறினால் சிவக்கும். சிவக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. காலில் ஒரு அட்டை ஏறியதைக்கூட உதறவில்லை. கோடுகள் அழகாக ஏறி இறங்கின. அத்தை முடித்து மூக்கைத் துடைத்தபோது, "நல்லா வந்திருக்கு அத்த" என்றேன். என்ன பாடினார் என்று ஒரு வரி சொல்லு என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை, மழை. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு முதல் அடியை வெட்டினேன். அடுத்த அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தார்.

டிரையரு சூட்டுல வெந்த கையி – என்னப் பெத்த அப்பா
ஆத்துத் தண்ணியாச் சில்லிட்டுப் போச்சே
பொத்தானு போன சுவிட்டருக்குள்ள – என்னப் பெத்த அப்பா
பொத்தி வச்ச நெஞ்சும் ஓஞ்சு போச்சே

அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். தேயிலை காய வைக்கும் டிரையரில் பட்ட தழும்பு அவருடைய வலது கையில், முழங்கை வரை இருக்கிறது. தோட்டத்தில் டிரையர் சுட்ட கை வேறு யாருக்காவதும் இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த அடிக்குப் போனேன்.

வெள்ளிக்கெழம நான் வருவேன்னு – என்னப் பெத்த அப்பா
வழி பாத்த எடமும் வெறிச்சுப் போச்சே

வெள்ளிக்கிழமைகளில் பஸ் நிற்கும் இடத்தில் குடையோடு நிற்பது என் அப்பாதான். வேறு யாருமில்லை. காதில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன். உயிரோடு அடுத்த அறையில் இருமுகிற மனிதருக்கு ஒப்பாரி பாடியாகிவிட்டது, அதுவும் என் வாயாக நின்று. அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து, அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர் மட்டும் இருக்க, நானே ஓட விட்டிருக்கிறேன். "கூப்புடாத, வந்துரும்" என்ற அம்மாவின் குரல் மழையையும் மீறிக் கேட்டது. நான் படித்தவள், பட்டம் வாங்கியவள், மாணவர்களுக்கு மூடநம்பிக்கை பற்றிப் பாடம் எடுத்தவள். அந்த நேரத்தில் அது ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"புள்ள, ஒரு பிளேன்டி ஊத்தேன்" என்றார் அப்பா உள்ளே இருந்து. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரையில் கட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன. யாருக்காகப் பாடப்பட்டது: தந்தை. அதுவரை கை போனது. அடுத்த கட்டத்தில் சிவப்புப் பொட்டோடு, 'இறந்த ஆண்டு: கட்டாயம் நிரப்பவும்'. மூடிவிட்டு, பால் இல்லாத தேநீர் ஊற்றப் போனேன்.

பதிவு அதற்கு முன்பே ஏறிப் போயிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஹட்டனுக்கு மருந்து வாங்கப் போனபோது, இவ்வளவு பெரிய பதிவு ஏறும் அளவுக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது. கொழும்பில் எங்கள் திட்டத்துக்குக் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் எடுத்து, அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னேன்.

"ஏன் மிஸ்? பாடினவங்க சம்மதம் சொன்னது பதிவுல இருக்கே."

"சத்தம் சரியில்ல."

"என்ன மிஸ் சொல்றீங்க, இதுவரைக்கும் வந்ததுல ஆகத் திறமான ரெக்கோர்டிங் இதுதான். சேர் கேட்டுட்டு, உடனே ஒரு துண்டை நம்ம பேஸ்புக் பக்கத்துல போடச் சொல்லிட்டார். நேத்து ராத்திரியே போட்டாச்சு. இன்னைக்குக் காலைல பாத்தா எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போய்க்கிட்டு இருக்கு."

சேர் என்றது எங்கள் திட்டத் தலைவரை. அவரிடம் என்ன சொல்வது? பாடியவரிடம் சம்மதம் வாங்குவது எங்கள் விதி. பாடப்பட்டவரிடம் சம்மதம் வாங்க எந்தப் பல்கலைக்கழகத்திலும் விதி இல்லை, அவர்தான் செத்துப்போயிருப்பாரே. மூலப் பதிவை அழித்தாலும் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கும் என்றார் தம்பி. எதுவும் அழியக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டு இதைக் கட்டியிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார். அதே பெருமையை நானும் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

அப்போதே அத்தை வீட்டுக்கு ஓடினேன். குடைகூட எடுக்கவில்லை.

"ஏன் அத்த அப்பாவுக்குப் பாடுனீங்க?"

அத்தை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிதானமாகச் சொன்னார். "கனவுல செத்தா ஆயுசு கெட்டின்னு சொல்றாங்கல்ல? அந்த மாரிதான் இது. உசுரோட இருக்கப்பவே அழுதுட்டா, எமன் வந்து எட்டிப் பாத்துட்டு, இந்த வீட்டுலதான் அழுது முடிச்சுட்டாங்களேன்னு போயிருவான். எங்கம்மா சொல்லும். அண்ணனுக்கு வயித்த அறுக்கப் போறாங்கன்னு சொன்னியே, அதான் பாடுனேன். இல்லாட்டி உன் போனுக்கு நான் எதுக்குப் பாடணும்?"

இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் எங்கேயும் படித்ததில்லை, கேட்டதும் இல்லை. "மாமாவுக்கும் இப்படிப் பாடுனீங்களா?" என்று கேட்டேன். மாமா, அத்தையின் கணவர், சில வருஷத்துக்கு முன் நெஞ்சுவலியில் போனவர்.

"பாடல. அதான் போயிட்டாரு."

இதற்கு எந்த ஆய்வாளர் மறுப்புச் சொல்ல முடியும்? கொஞ்சம் மூச்சு வந்தது. சரி, நல்லதுக்குத்தான் பாடியிருக்கிறார் என்று எழுந்தேன். வாசல் வரை வந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. இந்தப் பாட்டு அண்ணன் காதுல மட்டும் விழுந்துறக் கூடாது. விழுந்துட்டா, பலிச்சுப் போயிரும்."

எல்லா குரூப்லயும் போய்க்கொண்டிருக்கிறது என்று தம்பி சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதற்குப் பிறகு ஆப்பரேஷன் நாள் வரை நான் மனுஷியாகவே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அப்பாவின் போனில் ஏதோ வைரஸ் என்று பொய் சொல்லி வாங்கி, அரிசி வாளிக்குள் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டில் யாராவது போனைச் சத்தமாக வைத்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் போனைக் கூடிப் பார்த்தால், அப்பாவை ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே கூப்பிட்டுக்கொள்வேன். ஒரு பெண் என்னிடமே காட்டி, "அக்கா, இது நம்ம அத்த கொரலு மாதிரி இல்ல?" என்று கேட்டாள். "இல்ல, இது மஸ்கெலியாப் பக்கம்" என்று வாய் கூசாமல் புளுகினேன். இடத்தை மாற்றிச் சொன்னதற்காக முதலாம் ஆண்டு மாணவியைத் திட்டியவள் நான்.

அப்பாவுக்கு என் முழி பிடிக்கவில்லை. "எனக்குத்தானே ஆப்பரேஷன், நீ ஏன் பேயடிச்ச மாதிரி திரியிற?" என்றார்.

கண்டிக்குப் போகிற நாளில் காலையிலேயே ஹட்டன் போய் பஸ் எடுத்தோம். அப்பா பொத்தான் போன அதே சுவிட்டரைப் போட்டிருந்தார். நான் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். டிரைவர் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். வேறு நாளென்றால் எரிச்சலாக இருந்திருக்கும், அன்று அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போல இருந்தது. அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

கினிகத்தேனையில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். டிரைவர் இறங்கினார். பாட்டும் நின்றது. பஸ் திடீரென்று அமைதியாகிவிட்டது.

எங்களுக்கு முன் சீட்டில், மடியில் குழந்தையோடு ஒரு பெண் போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். அதில் அத்தை அழத் தொடங்கினார்.

டிரையரு சூட்டுல வெந்த கையி...

இருமலாமா, அப்பாவைக் கீழே கூட்டிப் போகலாமா, போனைப் பிடுங்கி வெளியே எறியலாமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. ஒன்றையும் செய்யவில்லை. அப்பா தலையை முன்னால் நீட்டினார். தன் வலது கையைப் பார்த்தார். பாட்டில் சுவிட்டர் வந்த இடத்தில், பொத்தான் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். வெள்ளிக்கிழமை வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தது. அப்பா முன் சீட்டில் மெதுவாகத் தட்டினார். "தாயி, இன்னொருக்கா போடும்மா" என்றார். அந்தப் பெண் போட்டாள். இரண்டாவது தடவையும் முழுசாகக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் புறப்பட்ட பிறகு பேசினார்.

"தங்கச்சி நல்லாத்தான் அழுதிருக்கா. சுவிட்டருக்கு ஒரு பொத்தான் தச்சுக் குடுத்திருக்கலாம்ல நீ? இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காதில் விழுந்துவிட்டது, அதுவும் இரண்டு தடவை. கண்டி வரும் வரை என் மனதில் வேறு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை அவரை ஆப்பரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் வெளியே வந்து அத்தைக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"முழுசாக் கேட்டாரா?"

"முழுசா. திரும்பப் போடச் சொல்லி இன்னொரு தடவையும் கேட்டாரு."

அத்தை யோசித்தார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்ப ரெண்டு தடவ ஆச்சு. ஒன்னுக்கொன்னு சரியாப் போச்சு, விடு" என்றார். எனக்காக அந்த இடத்தில் வைத்தே கண்டுபிடித்த விதி அது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன். கண்ணை மூடினால் சிவப்புப் பொட்டு வைத்த கட்டம்தான் வந்தது. இந்த வருஷத்தின் இலக்கங்கள் அதற்குள் தாமாகப் போய் உட்காருவது போல இருந்தது.

கடைசியில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சிங்களத்தில் சொன்னார். நான் திரும்பவும் கேட்டேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் "அப்பா ஹொந்தாய், நல்லம்" என்று சிரித்தார்.

அப்பா வீட்டுக்கு வந்து சில வாரம் ஆனதும், எங்கள் திட்டத் தலைவருக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவே அத்தையிடம் சொல்லி, அத்தை தோட்டம் முழுக்கச் சொல்லி, அங்கிருந்து கொழும்பு வரை போயிருக்கிறது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பாடப்பட்டவரே தன் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறார், இப்படி ஒரு தரவு வேறு எங்கே கிடைக்கும், உடனே அவரைப் பேச வைத்துப் பதிவு செய் என்றார். முதலில் கோபம் வந்தது. பிறகு, சொன்னால் வெட்கம்தான், எனக்கும் ஆசை வந்தது.

அப்பா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். சுவிட்டருக்கு நான் தைத்துக் கொடுத்த பொத்தான் மற்றவற்றோடு சேராத நிறத்தில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்து, "பாட்டக் கேட்டப்ப என்னப்பா நெனச்சீங்க?" என்று கேட்டேன். பச்சைக் கோடுகள் லேசாக எழுந்தன.

அப்பா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன நெனக்கிறது? அவ மகளா நின்னு அழுதிருக்கா, சரி. மக எங்கன்னு நெனச்சேன். உங்கம்மா சாவுக்கு எல்லாப் பொம்பளைகளும் கட்டிப்புடிச்சு அழுதாளுக, நீ கதவோரமா நின்ன. சின்னப் புள்ள, பயந்துட்டன்னு நெனச்சேன். இப்பவும் பயந்துக்கிட்டுத்தான் இருக்க, எனக்குத் தெரியாதா? இதப் புடிக்கணும்னா புடிச்சுக்க. ஆனா நான் போற அன்னைக்கு மட்டும் இப்புடிப் போனத் தூக்கிக்கிட்டு நிக்காத புள்ள. பாட்டு வராட்டியும் பரவால்ல. கிட்ட வந்து அழு."

ஆவணகத்தில் அத்தையின் பதிவு இன்னும் முடியாமல் கிடக்கிறது. இப்போதைக்குச் சும்மா ஒரு வருஷம் போடுங்க மிஸ், பிறகு மாத்திக்கலாம் என்று கொழும்புத் தம்பி ஒவ்வொரு வாரமும் எழுதுகிறார். பதில் போடவில்லை. அந்தக் கட்டத்தை ஒரு நாள் நான்தான் நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் போனைக் கீழே வைத்துவிட்டு நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அது எனக்கு வராது என்பதும் தெரியும்.

அன்று அப்பா சொன்னதும் பதிவாகியிருக்கிறது. கோடுகள் எவ்வளவு உயர்ந்தன என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது.